முழங்கால் சில்லுக்கு ஜாதகமா? கணக்கா?

ஒரு தோழர் நமக்கு எழுதிக் கேட்டிருக்கின்றார். அவருடைய மகளுக்கு வயது 16. பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடும்போது ஒரு தடவையும், பிறகு வீட்டுப் படியில் இறங்கும்போது ஒரு தடவையுமாக அந்தப் பெண்ணின் வலது முழங்கால் சில்லு இடத்தை விட்டு வெளிப்பக்கமாக நழுவிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, ஆபரேஷன் தேவைப்படலாம் என்று சொல்லியிருக்கின்றார். இதற்குள் வீட்டுப் பெரியவர்கள் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு போய், "ஏழரைச் சனி பிடித்திருக்கின்றது, அது விலகினால் கால் தானே சரியாய்ப் போகும், அதுவரை வெளியில் மூச்சு விடாதீர்கள், பெண்ணுக்குக் கலியாணம் ஆக வேண்டும்" என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்களாம். காலேஜில் படிக்கும் மகனோ, "ஆபரேஷனுக்கு முன்னாலேயே அதன் பலன் எப்படியிருக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகின்றார்களாம்; ஜாதகத்தைக் கொளுத்துங்கள்" என்கின்றானாம். "ஜோசியனும் பலன் சொல்லுகின்றான், கம்ப்யூட்டரும் பலன் சொல்லுகின்றது. ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றொன்றை நம்புவதற்கு நமக்கு என்ன ஆதாரம்?" என்பது தோழரின் கேள்வி.

கேட்க வேண்டிய கேள்விதான். ஏனெனில் நம்மவர்களிலேயே பலர், "விஞ்ஞானம் சொல்லிவிட்டது" என்ற வார்த்தையைக் கேட்டதும் மேற்கொண்டு ஒன்றும் விசாரிக்காமல் வாயை மூடிக்கொள்ளுகின்றார்கள். "சாஸ்திரம் சொல்லிவிட்டது" என்று வாயை மூடிக்கொள்ளுகின்றவனுக்கும் இவர்களுக்கும் அறிவைப் பொறுத்தவரையில் அதிக பேதம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. இவன் ஓலையைக் கும்பிடுகின்றான். அவர்கள் யந்திரத்தைக் கும்பிடுகின்றார்கள். கும்பிடு என்னவோ ஒன்றுதான்.

சனியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. சனி பகவானுக்கே கால் நொண்டி என்பது அவர்களுடைய புராணம். தன் காலையே நேராக்கிக்கொள்ள முடியாத ஒரு பகவான் பெண்ணின் காலை விட்டு விலகினாலென்ன, விலகாவிட்டாலென்ன? அது நிற்க.

முதலாவது, சில்லு ஏன் நழுவுகின்றது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முழங்கால் சில்லு என்பது தொடைத் தசையிலிருந்து கீழ்க்கால் எலும்புக்குப் போகும் தடித்த நாரின் நடுவே அமைந்திருக்கும் ஒரு சிறு எலும்பு. கிணற்று ராட்டினத்தின் பள்ளத்தில் கயிறு ஓடுவதுபோல், தொடை எலும்பின் முன்பக்கத்திலுள்ள ஒரு பள்ளத்தில் இந்தச் சில்லு மேலும் கீழும் ஓடுகின்றது. ராட்டினத்தின் பள்ளம் ஆழமாயிருந்து, கயிறும் நேராக இழுக்கப்பட்டால் கயிறு கழன்று விழாது. பள்ளம் தேய்ந்திருந்தாலும் கோணலாக இழுத்தாலும் கழன்றுதான் போகும். இதில் கிரகத்துக்கு என்ன வேலை?

பிரான்சு தேசத்து லியோன் நகரத்தில் ஆன்றி டெஜூர் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் சில்லு நழுவுகின்றவர்களின் கால்களைப் படமெடுத்து அளந்து, 1994-ம் வருஷத்தில் நான்கு காரணங்களை எடுத்துக் காட்டினார்கள். தொடை எலும்பின் பள்ளம் ஆழமில்லாதிருப்பது ஒன்று. சில்லு இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே ஏறியிருப்பது ஒன்று. நார் வந்து கட்டியிருக்கும் கீழ்க்கால் எலும்பின் மேடு, பள்ளத்தின் நேருக்கு 20 மில்லி மீட்டரோ அதற்கு மேலோ வெளிப்பக்கமாக விலகியிருப்பது ஒன்று. சில்லு ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருப்பது ஒன்று. இவையன்றி, சில்லை உள்பக்கமாகப் பிடித்து நிறுத்தும் ஒரு கட்டுநார் உண்டு. முதல் தடவை நழுவும்போதே அது பெரும்பாலும் கிழிந்துபோகின்றது. இவை அத்தனையும் அளந்து பார்க்கக்கூடிய காரியங்கள். யார் அளந்தாலும், எந்த ஜாதிக்காரன் காலை அளந்தாலும், அளவுகோல் ஒன்றுதான்.

காரணம் தெரிந்துவிட்டதனால் மட்டும் பரிகாரம் தெரிந்துவிடுமா என்றால், அதுதான் இல்லை. இந்த இடத்தில் வைத்திய சாஸ்திரமும் தவறு செய்திருக்கின்றது. அந்தத் தவறு நம் கேள்விக்கு மிகவும் வேண்டியதாகையால் அதைச் சற்று விரிவாய்ச் சொல்லுகின்றோம்.

அமெரிக்காவில் ஹவுசர் என்ற டாக்டர் 1938-ம் வருஷத்தில் ஒரு ஆபரேஷனை வெளியிட்டார். நார் கட்டியிருக்கும் இடத்தை எடுத்து உள்பக்கமாகவும் கீழாகவும் நகர்த்தி வைத்துவிட்டால், கோணல் இழுப்பு நேராகிச் சில்லு நழுவாது என்பது அவருடைய யோசனை. கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. அநேக டாக்டர்கள் அதைப் பல காலம் செய்து வந்தார்கள். ஆனால் கீழ்க்கால் எலும்பு மேல்பாகத்தில் முக்கோணமாயிருக்கின்றது. அதன்மேல் ஒன்றை உள்பக்கமாக நகர்த்தினால் அது பின்பக்கமாகவும் இறங்கிவிடும். அப்படி இறங்கினால் சில்லு தொடை எலும்பின் மேல் முன்னிலும் பலமாக அழுந்தும். அழுந்த அழுந்த, இரண்டுக்கும் நடுவிலுள்ள வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்து மூட்டுவாதம் வரும். இந்த ஆபத்தை 1976-ம் வருஷத்தில் கிராஸ்பி, இன்சால் என்ற இரண்டு டாக்டர்கள், ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் பல வருஷங்களுக்குப் பிறகு கூப்பிட்டு ஒப்பிட்டுப் பார்த்து எழுதினார்கள்.

1938 எங்கே, 1976 எங்கே? நடுவில் 38 வருஷம். ஒரு யோசனையிலுள்ள பிழையைக் கண்டுபிடிக்க மனிதர்களின் முழங்கால்களையே பலகையாக வைத்துக் கணக்குப் போட வேண்டியிருந்தது. டாக்டர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. போட்டுப் பார்க்க வேறு பலகை இல்லாமற்போய்விட்டது என்றுதான் சொல்லுகின்றோம். ஆனாலும் டாக்டர்களே தங்கள் ஆபரேஷனின் குற்றத்தைத் தேடிப்போய்க் கண்டுபிடித்து அச்சுப் போட்டார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தான் சொன்ன பலன் எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை என்று கணக்கெடுத்து எந்த ஜோசியனாவது புஸ்தகம் போட்டதுண்டா?

எண்ணிப் பார்த்துப் பலன் சொல்லும் முறை மற்றொன்று இருக்கின்றது. அமெரிக்காவில் ஃபிதியன் முதலிய டாக்டர்கள், சில்லு நழுவியவர்களை 2 முதல் 5 வருஷம் வரை தொடர்ந்து கவனித்து 2004-ம் வருஷத்தில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். முதல் தடவையாக நழுவியவர்களில் 100-க்கு 17 பேருக்கு மறுபடியும் நழுவிற்று. முன்பே நழுவிய பழக்கமுள்ளவர்களில் 100-க்கு 49 பேருக்கு மறுபடியும் நழுவிற்று. தோழரின் மகள் இரண்டாவது வகுப்பைச் சேர்ந்தவள். அப்படியானால் அவளுக்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி, அதாவது காசைச் சுண்டிப் போட்டதுபோல. இந்தக் கணக்கு யோக்கியமான கணக்குத்தான். ஆனால் நூறு பேரைப் பற்றிப் பேசுமே ஒழிய, இந்த ஒரு பெண்ணைப் பற்றிப் பேசாது. தகப்பனுக்கு வேண்டியது நூறு பேர் சமாசாரமல்ல. தன் மகள் சமாசாரம்.

கம்ப்யூட்டர் இங்கேதான் வருகின்றது.

அது செய்கின்ற காரியத்தில் மாயம் ஒன்றுமில்லை. ஒருவருடைய முழங்காலை ஸ்கேன் எடுத்து, எலும்பின் உருவத்தையும் குருத்தெலும்பின் கனத்தையும் அப்படியே கம்ப்யூட்டருக்குள் எண்களாகக் கொண்டுவருகின்றார்கள். குருத்தெலும்பைச் சிறு சிறு வில்லுச் சுருள்களின் வரிசையாகவும், கட்டுநார்களை இழுத்தால் விறைக்கும் கயிறுகளாகவும் வைத்துக்கொள்ளுகின்றார்கள். தொடைத் தசை எவ்வளவு பலத்தோடு இழுக்கின்றது என்று ஒரு அளவு கொடுக்கின்றார்கள். பிறகு காலை மடக்கச் சொல்லிக் கணக்குப் போட்டால், சில்லு எந்தப் பக்கம் எவ்வளவு ஒதுங்குகின்றது, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் விழுகின்றது என்பவை வெளியாகின்றன. பாலம் கட்டுகிறவனும் ஆகாய விமானம் செய்கிறவனும் இதே மாதிரியான கணக்கைத்தான் போடுகின்றார்கள். அதற்கப்புறம் அந்தக் கணக்குக் காலிலேயே ஆபரேஷனைச் செய்து பார்க்கலாம். மேட்டை 5 மில்லி மீட்டர் நகர்த்தினால் என்ன, 10 மில்லி மீட்டர் நகர்த்தினால் என்ன, நாரை இங்கே கட்டினால் என்ன, அங்கே கட்டினால் என்ன என்று நூறு தடவை செய்து பார்த்தாலும் ஒருவருக்கும் ஒரு சொட்டு ரத்தம் போவதில்லை.

உதாரணம் ஒன்று சொல்லுகின்றோம். இக்காலத்தில் அதிகமாகச் செய்யப்படும் ஆபரேஷன், கிழிந்த உள்பக்கத்துக் கட்டுநாருக்குப் பதிலாக வேறிடத்திலிருந்து ஒரு நாரை எடுத்துச் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே கட்டிவிடுவது. அமெரிக்காவில் எலியாஸ், கோஸ்கேரியா என்ற இருவர் 2006-ம் வருஷத்தில், இந்தக் கட்டு கொஞ்சம் பிசகினால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் செய்து பார்த்தார்கள். நாரைத் தொடை எலும்பில் 5 மில்லி மீட்டர், அதாவது ஒரு பச்சைப் பயறு அளவு, மேலே தள்ளிக் கட்டிப் பார்த்தார்கள். நாரை 3 மில்லி மீட்டர் குட்டையாக வைத்துப் பார்த்தார்கள். இரண்டு பிழையையும் சேர்த்துச் செய்தும் பார்த்தார்கள். உள்பக்கத்துக் குருத்தெலும்பின் மேல் அழுத்தம் ஏறுவதைக் கண்டு, ஆபரேஷன் செய்யும் கைகளுக்கு எச்சரிக்கையாக அதை எழுதினார்கள். வெளிப்பக்கம் நழுவாதிருக்க இழுத்துக் கட்டுகிறேன் என்று அளவுக்கு மிஞ்சி இழுத்துக் கட்டினால், ஒரு வியாதியைத் தீர்த்து மற்றொரு வியாதியைக் கொடுத்ததாகும் என்பது இதன் கருத்து. ஹவுசர் ஆபரேஷனிலிருந்து இதே மாதிரிப் பாடத்தைக் கற்க 38 வருஷமும் எத்தனையோ பேருடைய முழங்கால்களும் செலவாயின. இங்கே பிழை கணக்குப் பலகையோடு நின்றது.

இப்போது தோழரின் கேள்விக்கு வருவோம். ஜோசியத்துக்கும் இதற்கும் வித்தியாசம் என்ன?

ஒன்று: கணக்குப் போடுகிறவன் தான் எதை வைத்துக்கொண்டு ஆரம்பித்தான் என்பதை வரி வரியாகச் சொல்லிவிடுகின்றான். "நாரின் விறைப்பை இவ்வளவு என்று வைத்துக்கொண்டேன், தசையின் இழுப்பை இவ்வளவு என்று வைத்துக்கொண்டேன்" என்கின்றான். அது தப்பென்று வேறொருவன் காட்டினால் கணக்கை மாற்ற வேண்டியவனாகின்றான். ஜோசியன் தன் ஆரம்பத்தைக் கேட்டால் ரிஷி வாக்கு என்று வாயை அடைக்கின்றான்.

இரண்டு: கணக்குத் தோற்றுப்போகக் கூடியது. அதுதான் அதன் பெருமை. மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரின் செயற்கை முழங்காலுக்குள்ளேயே பாரத்தை அளக்கும் கருவியை வைத்து, அவர் நடக்கும்போது விழும் பாரத்தை அளந்தார்கள். அந்த அளவை மறைத்து வைத்துக்கொண்டு, அவர் நடந்த விவரத்தை மட்டும் பல தேசத்துக் கணக்குக்காரர்களுக்கும் கொடுத்து, "பாரம் எவ்வளவு என்று முன்னாடியே எழுதிக் கொடுங்கள்; பிறகு உண்மையைக் காட்டுகின்றோம்" என்று ஒரு பந்தயமே வைத்தார்கள். அதன் வரலாறு 2012-ம் வருஷத்தில் ஒரு வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. அது முழு முழங்காலின் பாரத்தைப் பற்றியதே தவிர சில்லைப் பற்றியதல்ல. ஆனாலும் முறையைப் பாருங்கள். முன்னாடி எழுதிக் கொடு, பின்னாடி ஒத்துப் பார், தப்பினால் தப்பிற்று என்று அச்சுப் போடு. நம் நாட்டுப் பஞ்சாங்கக்காரர்களை இப்படி ஒரு பந்தயத்துக்கு வரச் சொல்லுங்கள். நல்ல நாள் பார்த்துக்கொண்டே காலத்தைக் கழித்துவிடுவார்கள்.

மூன்று: இது ரகசிய வித்தையல்ல. மனித உடம்பின் அசைவைக் கணக்கிட ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் ஓப்பன்சிம் என்ற கம்ப்யூட்டர் முறையை 2007-ம் வருஷத்தில் உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். யாரும் எடுத்து உபயோகிக்கலாம். அதன் உள்வேலையைப் பிரித்துப் பார்க்கலாம். காதில் ஓதினால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவோம் என்று சொன்ன வித்தைக்கும், எல்லோரும் வாருங்கள் என்று கதவைத் திறந்து வைத்திருக்கும் வித்தைக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுமா?

இவ்வளவும் சொன்னதால், கம்ப்யூட்டர் சொன்னதே வேதம் என்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. அது சொல்லக் கூடியது அழுத்தமும் அசைவும்தான். கட்டின நார் எலும்போடு நன்றாய்ப் பிடிக்குமா, நாளாவட்டத்தில் தளருமா, பெண்ணுக்கு வலி போகுமா, மறுபடி பந்து விளையாடத் தைரியம் வருமா என்பவை எல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. ஆபரேஷனுக்குப் பின் மாதக்கணக்கில் செய்ய வேண்டிய தேகப் பயிற்சியை அவள் செய்வாளா, வீட்டு வேலை அவளைச் செய்ய விடுமா என்பதும் அதில் இல்லை. அன்றியும், சில்லு நழுவுவது பெரும்பாலும் கால் கொஞ்சமே மடங்கியிருக்கும்போதுதான். ஆகவே கணக்குப் போடுகிறவர்களின் கவனமும் அந்த நிலையிலேயே அதிகமாயிருக்கும். நம் பெண்களோ தரையில் சம்மணமிட்டு உட்காருகின்றார்கள்; குந்தி உட்கார்ந்து வேலை செய்கின்றார்கள். நாற்காலியில் உட்காருகின்றவன் காலுக்குப் போட்ட கணக்கு, நாற்று நடுகின்றவள் காலுக்கும் போதுமா என்று கேட்பது நம்முடைய உரிமை மட்டுமல்ல, கடமையுமாகும்.

மேலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் இன்னும் ஆராய்ச்சிசாலையின் வேலையாகவே இருக்கின்றது. சில முழங்கால்களில் போட்டுப் பார்த்ததை எல்லா முழங்கால்களுக்கும் சட்டமாக்கிவிட முடியாது. ஆகையால் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் சிவப்பும் நீலமுமாக ஒரு படத்தைக் காட்டி, "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, பணத்தைக் கட்டுங்கள்" என்று யாராவது சொல்லுவார்களானால், அந்தப் படத்துக்கும் ராசிக் கட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை என்றே நாம் சொல்லுவோம். கட்டம் புதிது, தட்சிணைதான் அதிகம்.

தோழர் டாக்டரிடம் போய்த் தைரியமாகக் கேட்க வேண்டியவை இவை. என் மகளின் காலில் எதை எதை அளந்தீர்கள்? பள்ளம் எவ்வளவு, சில்லின் உயரம் எவ்வளவு, மேட்டின் விலகல் எத்தனை மில்லி மீட்டர்? எந்த ஆபரேஷன், மற்றதை விட்டு அது ஏன்? பயிற்சியால் மட்டும் தீர்த்துப் பார்க்க வழியுண்டா? நீங்கள் இதுவரை செய்தவர்களில் எத்தனை பேருக்கு மறுபடி நழுவிற்று, அதற்குக் கணக்கு வைத்திருக்கின்றீர்களா? கம்ப்யூட்டர் கணக்குப் போட்டிருந்தால், அது யாருடைய கால்களில் ஒத்துப் பார்க்கப்பட்டது? பிற்பாடு என் மகள் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கலாமா? இவற்றுக்கு, "இது தெரியும், இது தெரியாது" என்று பிரித்துப் பதில் சொல்லும் டாக்டர்தான் யோக்கியமான டாக்டர். தெரியாது என்று சொல்லத் தெரிந்தவனிடத்தில்தான் தெரியும் என்ற வார்த்தைக்கு மதிப்புண்டு.

கடைசியாக ஒரு விஷயம். "வெளியில் சொல்லாதே, கலியாணம் ஆக வேண்டும்" என்ற பேச்சுத்தான் சனியைவிடப் பெரிய சனி. வியாதியை மறைத்து, ஒவ்வொரு தடவை நழுவும்போதும் குருத்தெலும்பு அடிபட்டு, 30 வயதில் படியேற முடியாத ஒரு பெண்ணை உண்டாக்குவது அந்தப் பேச்சுத்தான். கலியாணச் சந்தையில் விலை போவதற்காக அவளுக்குக் கால் ஏற்படவில்லை. அவள் நடப்பதற்காக, ஓடுவதற்காக, பந்து விளையாடுவதற்காக ஏற்பட்டது. ஆகவே அந்தக் காலைப் பற்றி முடிவு செய்யும்போது தகப்பனும் பாட்டியும் மாத்திரம் உட்கார்ந்து பேசினால் போதாது. 16 வயது என்பது தன் காலைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடிய வயதுதான். டாக்டரிடம் போகும்போது கேள்விகளை எழுதிய காகிதம் அந்தப் பெண்ணின் கையிலேயே இருக்கட்டும்.

ஜாதகத்தை என்ன செய்வது என்று தோழர் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லுகின்றோம்: அந்தக் கேள்விகளை எழுத வீட்டில் வேறு காகிதம் இல்லாவிட்டால், அதன் பின்பக்கம் உபயோகப்படும்.